குழாய்க்காரரின் பரம்பரைக் கொக்கு

பரம்பரை என்பது பிறப்பால் வருவது என்றுதான் நான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். குழாய்க்காரர் எங்கள் கடைக்கு வந்துபோன பிறகுதான், அதை ஆர்டர் கொடுத்துச் செய்துகொள்ளலாம், புரூஃப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம், போதாவிட்டால் இன்னும் ஐந்நூறு அடித்துக்கொள்ளலாம் என்பதெல்லாம் தெரிந்தது.

எங்கள் கடை இரண்டே அறை. முன்னறையில் அண்ணி, பின்னறையில் நானும் டிரெடில் அச்சு மெஷினும். அண்ணி என்றால் என் அண்ணன் மனைவி; நான் அவளுக்கு நாத்தனார். அண்ணனுக்கும் இந்தத் தொழிலுக்கும் உள்ள ஒரே சம்பந்தம், அவரை வைத்துத்தான் நாங்கள் இருவரும் உறவு என்பது. வரைவது அண்ணி, அச்சடிப்பது நான். லெட்டர்ஹெட், உறை, விசிட்டிங் கார்டு, அழைப்பு அட்டை எதுவானாலும், கேட்பவரின் பேருக்கும் மூஞ்சிக்கும் பொருந்துகிற மாதிரி தனியாக வடிவமைத்து, கெட்டியான பருத்திக் காகிதத்தில், எழுத்து குழிந்து பதிகிற மாதிரி அடித்துக் கொடுப்போம். இந்தக் குழிவு இருக்கிறதே, அது ஒரு வேடிக்கை. நான் மெஷின் கற்றுக்கொண்ட இடத்தில், காகிதத்தின் பின்பக்கத்தைத் தடவும்போது லேசான புடைப்பு தட்டுப்பட்டாலே, "பேப்பரை அடிக்கறியா, மாட்டை அடிக்கறியா?" என்று திட்டு விழும். இப்போது புடைப்பு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் திட்டுகிறார். அன்றைக்குத் தப்பு என்று சொன்னதைத்தான் இன்றைக்குக் கூடுதல் கவனத்தோடு செய்துகொண்டிருக்கிறேன்.

குழாய்க்காரர் வந்தது ஒரு முற்பகலில். குளியலறைக் குழாய், ஷவர், கைகழுவும் தொட்டி என்று மூன்று பெரிய ஷோரூம் வைத்திருப்பவர். ஆள் நல்லவர், அதைச் சொல்லிவிட வேண்டும். குரலை உயர்த்தமாட்டார், கொடுத்த டீயைக் குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே எடுத்துப்போய் ஓரமாக வைப்பார். கூடவே மனைவியும் வந்திருந்தார். அந்தம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் மாதிரி பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

"லெட்டர்ஹெட் போடணும் மேடம். மேல எங்க பரம்பரைச் சின்னம் வரணும்."

"தாராளமா போடலாம் சார். சின்னம் கொண்டுவந்திருக்கீங்களா?"

"அதைத்தான் நீங்க வரையணும்."

மெஷினைத் துடைத்துக்கொண்டிருந்த நான் வாசற்படிக்கு வந்து நின்றுவிட்டேன். அண்ணி முகத்தில் ஒரு சுருக்கமும் விழவில்லை. பதினெட்டு வருஷத் தொழில்.

"போன மாசம் ஒரு ஆர்க்கிடெக்ட் எனக்கு லெட்டர் போட்டாரு," என்றார் குழாய்க்காரர். "மேல ரெண்டு சிங்கம், நடுவுல கேடயம். உள்ள என்ன எழுதியிருந்துச்சுன்னு கேளுங்க. டாய்லெட் சீட்டுல விரிசல் விட்டுடுச்சுன்னு கம்ப்ளெயின்ட். ஆனா அந்தச் சிங்கத்தைப் பாத்ததும் நான் எழுந்து நின்னுட்டேன். அப்பதான் யோசிச்சேன். நமக்கு முன்னாடி எல்லாம் இருக்கு, பின்னாடி ஒண்ணும் இல்லையே."

அண்ணி நோட்டை எடுத்தாள். "உங்க தாத்தா என்ன பண்ணாரு?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கைப்பையைப் பார்த்தார்.

"பலதும் பண்ணாரு."

"அவருக்கு முந்தினவங்க?"

"அவங்களும் பலதும் பண்ணியிருப்பாங்க."

"பலதும்" என்று எழுதி அண்ணி அடிக்கோடு போட்டாள். பிறகு சிங்கத்துக்குப் போனார்கள். அவருக்குச் சிங்கம்தான் வேண்டுமாம். கட்டைவிரல் நகம் அளவில் சிங்கம் வரைந்து அச்சடித்தால், பிடரிமயிரில் மை அடைத்துக்கொண்டு நாய் மாதிரி வரும் என்று நான் வாசற்படியிலிருந்தே சொன்னேன். யானை கேட்டார். அது காகிதத்தில் மைக்கறை மாதிரி இருக்கும் என்றேன். "மெலிசா, நிமிர்ந்த மாதிரி ஏதாவது பாக்கலாம் சார். மூணு நாள் குடுங்க," என்று அண்ணி அனுப்பிவைத்தாள்.

அந்த மூன்று நாளும் அண்ணி கொக்கு வரைந்தாள். ஏன் கொக்கு என்று கேட்டதற்கு, "தண்ணிக்குப் பக்கத்துலயே நிக்கும், நல்லா உடுத்தியிருக்கும், காத்திருந்து கொத்திக்கிட்டுப் போகும். வியாபாரிக்கு வேற என்ன வேணும்?" என்றாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள். முதல் நான்கு கொக்கும் கேலியாகவே இருந்தன. ஒன்று கழுத்துச் சுளுக்கினது, ஒன்று கர்ப்பமானது. ஐந்தாவதிலிருந்து அவள் பேச்சு குறைந்தது. ஏழாவதை வரையும்போது நான் கூப்பிட்டது காதில் விழவில்லை. பதினோராவது கொக்கு, மூன்றாம் நாள் மத்தியானம் முடிந்தது.

நான் அண்ணியைப் புகழ்கிற ஜாதியில்லை. புகழ்ந்தால் மறுநாள் கடைக்குத் தாமதமாக வருவாள். ஆனால் அந்தக் கொக்கு நின்றது. ஒற்றைக் காலில், மொத்தம் பத்துப் பன்னிரண்டு கோட்டில், அலகில் ஒரு பழைய சாவியைக் கவ்விக்கொண்டு, யாரையும் சட்டை பண்ணாமல் நின்றது. கழுத்து வளைவை ஒரே இழுப்பில் இழுத்திருந்தாள். சாவி எதற்கு என்றேன். "அலகு வெறுமையா இருந்துச்சு," என்றாள்.

குழாய்க்காரர் பார்த்தார். சிங்கத்தைப் பற்றி அதற்குப் பிறகு ஒரு வார்த்தை வரவில்லை.

படத்தை உலோக அச்சாக, அதாவது பிளாக்காக, செய்யக் கொடுத்து வாங்கினோம். இங்கேதான் என் பாவக் கணக்கு ஆரம்பம். மெஷினில் ஏற்றும்போது கைநழுவி அது தரையில் விழுந்தது. விழுந்ததும் எடுத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. புரூஃப் அடித்துப் பார்த்தால் கொக்கின் காலில், முட்டிக்குக் கீழே, மயிரிழை அளவுக்கு ஒரு வெட்டு. வேறு பிளாக் செய்யச் சொல்லலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே குழாய்க்காரரும் மனைவியும் உள்ளே வந்துவிட்டார்கள்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தார். "கால்ல என்னமோ இருக்கே மேடம்?"

நான் வாயைத் திறக்குமுன் அண்ணி சொன்னாள்: "காயம் சார்."

"காயமா?"

"போர்ல பட்டது."

அண்ணிக்கு நாக்கு எப்போதுமே கையைவிட வேகம். அவர் சிரிப்பார், நாங்களும் சிரிப்போம், வேறு பிளாக் செய்துவிடலாம் என்றுதான் சொல்லியிருக்கிறாள். அவர் சிரிக்கவில்லை. மெதுவாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எந்தப் போர்?"

இந்த இடத்தில் அண்ணி நிறுத்தியிருக்கலாம். எனக்கே தெரிகிறது, அவளுக்குத் தெரியாதா? ஆனால் வாய்க்கு ருசி தட்டிவிட்டது. "போர்னா பெரிய போர் இல்ல சார். உங்க முன்னோர் ஒருத்தர் ஏரி மதகுச் சாவியைக் காத்தவரா இருக்கலாம். ராத்திரி சாவியைத் திருட வந்தாங்க. ஒரு கொக்கு கத்தி அவரை எழுப்பிச்சு. அதுக்குக் கால்ல வெட்டு விழுந்துச்சு. ஆனா சாவியை விடலை."

"இருக்கலாம்" என்று அவள் சொன்னதை நான் கேட்டேன். அவர் கேட்டதாகத் தெரியவில்லை. கண் கலங்கியிருந்தது.

"தண்ணி," என்றார். "அன்னைக்கிலிருந்தே தண்ணியா மேடம் நாங்க?"

அவர் மனைவி அப்போதுதான் முதன்முறையாக வாயைத் திறந்தார். "பிளம்பிங்குக்கு வந்தது உங்க மாமா சொல்லித்தானே?" என்றார். அவர் காதில் அது விழவே இல்லை.

இந்தக் கதையை ஒரு சின்ன அட்டையில் அச்சடித்து உறைக்குள் வைக்கவேண்டும் என்று குழாய்க்காரர் கேட்டார். அண்ணி அன்று சாயங்காலமே எழுதிக் கொடுத்தாள், எட்டு வரி. படித்தால் உங்களுக்கே ஒரு மதகு வேண்டும்போல இருக்கும். காலில் இருந்த வெட்டு அப்படியே நின்றது. லெட்டர்ஹெட் ஐந்நூறு, உறை ஐந்நூறு, கதை அட்டை ஐந்நூறு. ஒவ்வொரு தாளாகக் கையால் கொடுத்து, கையை இழுத்து, அச்சு விழ, எடுத்து, அடுத்த தாள். ஆழ்ந்த நீல மை. கொக்கு காகிதத்துக்குள்ளேயே கூடு கட்டின மாதிரி பதிந்தது. வந்து வாங்கிக்கொண்டவர் பின்பக்கத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவிப் பார்த்தார். "நல்லா அழுத்தியிருக்கீங்கம்மா," என்று என்னைப் பாராட்டினார். மாட்டை அடிப்பதற்கு எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு.

லெட்டர்ஹெட் கைக்கு வந்துவிட்டது, ஆனால் கடிதம் எழுத விஷயம் இல்லை. அதற்காக மனிதர் சும்மா இருப்பாரா? சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் ஒரு கடிதம் போட்டார். நலம், நலமறிய ஆவல், மழை பரவாயில்லை. அவ்வளவுதான் சமாச்சாரம். மேலே கொக்கு, உள்ளே கதை அட்டை.

பத்தாம் நாள் ஒருவர் எங்கள் கடைக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். கையில் அந்த உறை. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவராம், குழாய்க்காரரின் பெரியப்பா மகன். அவர்கள் குடும்பத்தில் அவரை மூத்தவர் என்பார்கள்.

"இதை அடிச்சது நீங்கதானா?"

"ஆமாங்க."

"யாரைக் கேட்டு அடிச்சீங்க?"

அண்ணி பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தாள். பொய் பிடிபட்டுவிட்டது என்று நினைத்தேன். ஆனால் அவர் கோபம் வேறு திசையில் இருந்தது.

"மதகுச் சாவி யார்கிட்ட இருந்துச்சு? மூத்த வழியிலதானே இருக்கும்? அவங்க அப்பா இளையவரு. இளையவர் கையில யாராவது சாவி குடுப்பாங்களா? எங்க வழியைக் கேக்காம அவன் பாட்டுக்குக் கொக்கைத் தூக்கிட்டுப் போயிட்டான்!"

"சார், இந்தச் சின்னத்தை நீங்க முன்னாடி பாத்திருக்கீங்களா?" என்று அண்ணி கேட்டாள். நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டுத்தான் கேட்டாள்.

"பாத்திருக்கேனாவா? எங்க தாத்தாவோட இரும்புப் பெட்டி மூடியில இருந்துச்சும்மா. சின்ன வயசுல என் விரலால தடவியிருக்கேன்." விரலைத் தூக்கிக் காட்டினார். அந்த விரலை அண்ணி மரியாதையோடு பார்த்தாள்.

மூத்தவருக்கும் லெட்டர்ஹெட் வேண்டும். ஆனால் அவருடைய கொக்கு வலதுபக்கம் பார்க்கவேண்டும். மூத்த வழி அப்படித்தான் பார்க்குமாம். சாவியும் ஒரு சுற்றுப் பெரிதாக. அண்ணி திருப்பி வரைந்தாள், நான் அடித்தேன். பங்காளிக் காய்ச்சல் எங்கள் தொழிலுக்கு இவ்வளவு நல்ல சீசன் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

அடுத்து வந்தது அத்தை. இவர்கள் இருவரின் அப்பாக்களோடும் கூடப்பிறந்தவர், எழுபது வயதைத் தாண்டியவர், கைத்தடியால் எங்கள் காகித அலமாரியைத் தட்டிப் பார்த்து, "இது என்ன கரையான் அரிச்சிருக்கா?" என்று விசாரித்தபடியேதான் உள்ளே வந்தார்.

"ஆம்பளைங்க ரெண்டு பேரும் ஆளுக்கொரு கொக்கு வெச்சிருக்காங்க. பொண்ணு வழிக்கு இறகு கூடக் கிடையாதா?"

"போட்டுடலாம்மா. உங்க கொக்கு எந்தப் பக்கம் பாக்கணும்?"

"நேரா பாக்கட்டும். நான் யாருக்கும் பயந்தவ இல்ல. ஆனா கால்ல அந்த வெட்டு வேணாம். எங்க வழியில யாருக்கும் கால் உடையலை."

நேராகப் பார்க்கிற கொக்கு ஆந்தை மாதிரி வந்தது. அத்தைக்கு அது ரொம்பப் பிடித்துவிட்டது.

இதெல்லாம் இரண்டு மாதத்துக்குள். அண்ணியும் நானும் சாயங்காலம் கடை மூடும்போது சிரித்து மாளாது. "குட்டி, நாளைக்கு யார் வருவாங்கன்னு நினைக்கிற? சித்தப்பா வழியா?" என்பாள். எனக்கு ஐம்பதாகப் போகிறது, இன்னும் வீட்டில் எனக்குப் பேர் குட்டிதான். சித்தப்பா வழி வரவில்லை. பதிலாகச் சண்டை வந்தது. ஏதோ ஒரு விருந்தில் யாரோ இரண்டு லெட்டர்ஹெட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். மாற்றி வைத்துவிட்டார்களோ என்னவோ, குழாய்க்காரர் வீட்டுக் கொக்கு மூத்தவர் வீட்டுக் கொக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றதாம். "எனக்கு முதுகு காட்டவா சின்னம் போட்டே?" என்று மூத்தவர் எழுந்துவிட்டார். தட்டுகள் அப்படியே இருக்க, இரண்டு குடும்பமும் எழுந்துபோய்விட்டது. அத்தை மட்டும் உட்கார்ந்து சாப்பிட்டு முடித்தாராம்.

அந்த வாரம்தான் அண்ணி, கடையின் முன்பக்கக் கண்ணாடியில் ஒரு சட்டத்தை மாட்டினாள். பதினோராவது கொக்கின் முதல் புரூஃப். கீழே சிறிய எழுத்தில் "எங்கள் கைவண்ணம்" என்று மட்டும் போட்டிருந்தாள். அதை மாட்டிவிட்டு ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் போய் நின்று பார்த்தாள். நான் இந்தப் பக்கமிருந்து கையசைத்தேன். என்னைப் பார்க்கவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போதே நான் புரிந்துகொண்டிருக்க வேண்டும். அவள் அதுவரை வரைந்ததில் அதுதான் சிறந்தது. அதை ஒரு கிண்டலோடு சேர்த்துப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டாள்.

இரண்டு வாரத்தில் வக்கீல் நோட்டீஸ் வந்தது. எங்கள் கட்சிக்காரர்களின் தொன்றுதொட்ட குடும்பச் சின்னத்தைத் தாங்கள் அனுமதியின்றி விளம்பரத்துக்குப் பயன்படுத்தி, தங்கள் படைப்பென்று பொய்யுரைத்து, இத்யாதி. கீழே குழாய்க்காரர், மூத்தவர், அத்தை, மூன்று பேர் பேரும் ஒன்றாக இருந்தது. வக்கீலின் லெட்டர்ஹெட்டும் நாங்கள் அடித்துக் கொடுத்ததுதான். அச்சு சுத்தமாக இருந்தது.

"சேந்துட்டாங்களே!" என்றேன்.

அண்ணி சிரிக்கவில்லை. நோட்டீஸை இரண்டு தடவை படித்தாள். "பொய்யுரைத்துன்னு போட்டிருக்காங்க குட்டி," என்றாள்.

அவளே போன் போட்டு, நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றாள். வந்தார்கள். மூன்று நாற்காலியிலும் குழாய்க்காரர், மூத்தவர், அத்தை. குழாய்க்காரர் மனைவி அலமாரியை ஒட்டி நின்றார். பின்னறையிலிருந்து என் முக்காலியைக் கொண்டுவந்து போட்டேன். அண்ணி ஸ்கெட்ச் நோட்டை மேஜைமேல் விரித்தாள். பதினோரு கொக்கு, ஒவ்வொரு பக்கத்திலும் தேதி.

"இது முதல் நாள். கழுத்து சரியா வரலை பாருங்க. இது ரெண்டாவது நாள். இங்கதான் ஒத்தைக் கால்னு முடிவு பண்ணேன். இது கடைசி. இதைத்தான் உங்களுக்குக் காட்டினேன். இந்தக் கொக்கை நான் வரைஞ்சேன். இதுக்கு முன்னாடி இது எங்கயும் கிடையாது."

மூத்தவர் பக்கங்களைப் புரட்டினார். பொறுமையாகத்தான் பார்த்தார். "ரொம்பக் கவனமா பாத்துப் பாத்து வரைஞ்சிருக்கீங்கம்மா. சரி, அசல் எங்க?"

"இதுதான் அசல்."

"இது நீங்க போட்ட நகல். எதைப் பாத்துப் போட்டீங்க?"

"எதையும் பாக்கலைங்க. யோசிச்சேன்."

அவர் அத்தையைப் பார்த்துப் புன்னகைத்தார். குழந்தை உளறுவதைக் கேட்ட பெரியவர்கள் பார்த்துக்கொள்வார்களே, அந்த மாதிரி. "ஒரு பொம்பளை சும்மா உக்காந்து யோசிச்சு வரையற காரியமாம்மா இது? இப்படி ஒண்ணு உருவாக நூறு வருஷம் ஆகும்."

"மூணு நாள் ஆச்சு," என்றாள் அண்ணி.

"மதகுக் கதை?"

"அதுவும் நான் சொன்னதுதான். அது தப்புதான், ஒத்துக்கறேன். அது பொய். ஆனா கொக்கு என்னுது."

எனக்குப் பொறுக்கவில்லை. முன்னறைக்கு வந்து சொன்னேன்: "அந்தக் கால் வெட்டு போர்க்காயம் இல்லீங்க. பிளாக்கை நான் கீழ போட்டுட்டேன். இதோ, இந்தத் தரையிலதான்."

அத்தை கைத்தடியைத் தரையில் ஊன்றி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கீழ விழுந்துச்சுல்ல? விழுந்தும் வேற எங்கயும் படாம, சரியா கால்ல பட்டுச்சு பாரு. அது நீ போட்டதுன்னா நினைக்கிற?" தன் வழிக்கு அந்த வெட்டு வேண்டாம் என்று எடுக்கச் சொன்னவரே அவர்தான்.

அண்ணி குழாய்க்காரர் பக்கம் திரும்பினாள். "சார், நீங்க சொல்லுங்க. சின்னம் கொண்டுவந்திருக்கீங்களான்னு நான் கேட்டப்ப என்ன சொன்னீங்க? நீங்கதான் வரையணும்னு சொல்லலையா?"

அவர் தலையைக் குனிந்தார். பொய் சொல்லத் தயாராகிறவர் முகம் இல்லை அது. கோயிலில் நிற்கிறவர் முகம்.

"சொன்னேன் மேடம். மறுக்கலை. ஆனா நான் உங்ககிட்ட வரும்போதே அந்தக் கொக்கு என் மனசுக்குள்ள இருந்துச்சு. என்னன்னு எனக்குத் தெரியலை, அவ்வளவுதான். நீங்க அதை வெளிய எடுத்துக் குடுத்தீங்க. அந்த நன்றி எனக்கு என்னைக்கும் உண்டு."

"வரும்போது சிங்கம்ல இருந்துச்சு!" என்றேன் நான். யாரும் என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை.

கடைசியில் அண்ணி அந்தம்மாவிடம் போனாள். முக்காலியில் கைப்பையோடு உட்கார்ந்திருந்தவர் முன்னால் கிட்டத்தட்டக் குனிந்து நின்று கேட்டாள்: "நீங்க பக்கத்துலயே இருந்தீங்களேம்மா. நீங்களாவது சொல்லுங்க."

அந்தம்மா கணவரைப் பார்த்தார், மூத்தவரைப் பார்த்தார், அத்தையின் கைத்தடியைப் பார்த்தார். "எனக்குச் சரியா ஞாபகம் இல்லீங்க," என்றார்.

அதோடு முடிந்தது. அண்ணி கண்ணாடியிலிருந்து சட்டத்தைக் கழற்றி, மூன்று பிளாக்கையும் காகிதத்தில் சுற்றி, மேஜைமேல் வைத்தாள். "உங்க காசுல செஞ்ச பிளாக். எடுத்துட்டுப் போங்க." மூத்தவர் நோட்டையும் கேட்டார், குடும்ப ஆவணமாம். அண்ணி அதை மூடித் தன் மார்போடு அணைத்துக்கொண்டாள். "இதைத் தொடாதீங்க," என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. அவர் நீட்டிய கையைத் தன் சட்டைப்பைக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார்.

எல்லோரும் படியிறங்கும்போது அந்தம்மா பின்தங்கினார். முக்காலியை என்னிடம் கொடுக்கிற சாக்கில், "நல்லா வரைஞ்சிருந்தாங்க, உங்க அண்ணி," என்றார்.

"அதை உள்ள சொல்லியிருக்கலாமே!"

"நான் இன்னும் அந்த வீட்டுக்குத்தானே போகணும்," என்று சொல்லிவிட்டுக் காரை நோக்கி நடந்தார்.

நோட்டீஸ் விவகாரம் அதற்குமேல் வளரவில்லை. நோட்டில் தேதி போட்டிருப்பதைக் கேள்விப்பட்டு, வக்கீலே அவர்களை வாயை மூடிக்கொள்ளச் சொன்னதாகப் பிறகு தெரிந்தது. கொக்கு இப்போது ஊரெல்லாம் இருக்கிறது. ஷோரூம் பலகையில், குழாய்ப் பெட்டியில், ஃப்ளஷ் டேங்க் மூடியில், டிரைவிங் ஸ்கூல் கார் கதவில். எங்களிடம் வராமல் எங்கோ கொடுத்து அடிப்பதால் கோடெல்லாம் தடித்துப்போய், போகப் போக வாத்தாகிக்கொண்டு வருகிறது. அந்த வாத்தின் காலிலும் வெட்டு மட்டும் பத்திரமாக இருக்கிறது.

அண்ணி இரண்டு வாரம் எதுவும் வரையவில்லை. வெறும் கோடு, கட்டம், எழுத்து. பூப் போடச் சொன்னவரிடம் புள்ளி போதும் என்றாள். எனக்கு இந்த மௌனம் பழக்கமில்லை. ஒருநாள் சீண்டிப் பார்த்தேன். "கொக்குத் தலையில வெண்ணெய் வெச்சுப் பிடிக்கலாம்னு பாத்தோம். அண்ணி, இப்ப யார் தலையில வெண்ணெய்?"

சிரிப்பாள் என்று நினைத்தேன். மைக்கரண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தவள் அதைத் தட்டென்று வைத்தாள். "என் தலையிலதான். ஏன், தெரியாதா? அவங்க திருடலை குட்டி. நான்தான் மூணு நாள் உசுரைக் குடுத்து வரைஞ்சதை, இது நான் வரைஞ்சதே இல்ல, நூறு வருஷத்துக்கு முந்தினதுன்னு எழுதிக் குடுத்தேன். எட்டு வரி. அழகா வேற எழுதினேன். படிச்சவங்க நம்பிட்டாங்க. நம்பினவங்களைப் போய் என்னன்னு திட்டறது?" பிறகு கொஞ்சம் குரல் இறங்கி, "ஆனாலும் அந்த ஆள், ஒரு பொம்பளை உக்காந்து யோசிச்சாளான்னு கேட்டான் பாரு," என்றாள். நான் மெஷினை ஓட்டப் போய்விட்டேன். சத்தம் இருந்தால் இருவருக்கும் நல்லது என்று தோன்றியது.

அடுத்த மாதத்திலிருந்து அவள் வரைவதில் ஒரு மாற்றம் வந்தது. படத்தின் ஓரத்தில், இலைக்கு அடியிலோ கரைக்கோட்டுக்குள்ளோ, எள்ளளவில் தன் பேரின் முதலெழுத்தைப் போட ஆரம்பித்தாள். அந்த அளவில் எழுத்தை உடையாமல் அச்சில் கொண்டுவருவது எனக்குப் பெரும்பாடு. அடியில் மெல்லிய காகிதம் ஒட்டி, அழுத்தத்தைக் கூட்டிக் குறைத்து, லென்ஸ் வைத்துப் பார்த்து, அரை நாள் போகும். முணுமுணுத்துக்கொண்டே செய்தேன். நிறையப் பேர் கவனிக்கவில்லை. கவனித்தவர்களில் இரண்டு பேர் ஆர்டரை ரத்து செய்தார்கள். ஒருவர், "இதென்ன, டெய்லர் மாதிரி?" என்று கேட்டார். டெய்லரும் சட்டைக் காலரில் தன் பேரை வைத்துத்தானே தைக்கிறார் என்றாள் அண்ணி.

போன வாரம், ஓய்வுபெற்ற ஒரு கல்லூரி முதல்வர் வந்தார். தன் வாழ்நாள் சேவைக்குப் பொருத்தமாக ஒரு மரம் கேட்டிருந்தார். அண்ணி வரைந்த ஆலமரம் விழுதும் நிழலுமாக, காகிதத்தில் கை வைத்தால் குளிரும் போல இருந்தது. அவரும் அசந்துதான் போனார். பிறகு பையிலிருந்து பூதக்கண்ணாடியை எடுத்தார். படிப்பாளிகளிடம் இதுதான் தொல்லை.

"இந்த வேர்கிட்ட ஒரு எழுத்து தெரியுதே. அது என்னம்மா?"

"என் பேர் சார்."

"உங்க பேரா? என் லெட்டர்ஹெட்லயா?" அவர் கண்ணாடியை இறக்கினார். "மரம் பிரமாதம், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா அதை மட்டும் எடுத்துடுங்க."

பின்னறையில் நான் மெஷினை நிறுத்தினேன்.

"எடுத்துடலாம் சார், ஒண்ணும் சிரமமில்ல," என்றாள் அண்ணி, அவருக்கு டீயை நகர்த்தி வைத்தபடி. "ஆனா எடுத்தா, மரத்தோட சேந்துதான் வரும்."